மார்ச் 20: பினாங்கில் ஒரு குச்சியை வைத்துச் சம பகலிரவு நாளைப் பார்ப்பது எப்படி

மார்ச் 20 வந்தால் பினாங்கில் எந்த மரமும் புதிதாகத் துளிர்த்துவிடப் போவதில்லை. அன்றும் வெயில் கொளுத்தும், மறுநாளும் கொளுத்தும். வடக்கே குளிர்நாடுகளில் வசந்தம் பிறந்தது என்று கொண்டாடும் இந்த நாள், நம் வீட்டுச் சுவர் நாட்காட்டியில் ஒரு குறிப்புகூட இல்லாமல் கடந்துபோகிறது. ஆனால் அந்த நாளின் கணக்கைக் கண்ணால் பார்ப்பதற்கு நம் ஊர் மிகத் தோதான இடம். ஜார்ஜ்டவுன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 5.4 டிகிரியில் இருக்கிறது. நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கே வந்துவிடும். ஒரு குச்சி, ஒரு பென்சில், ஓரமாக ஒதுங்கி நிற்கக் கொஞ்சம் நிழல் இருந்தால் போதும்.

வானியலில் அரிச்சுவடிகூடத் தெரியாதவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து, காலை ஏழு மணிக்கும் தெருவிளக்கு எரிவதைப் பார்த்துக் கைபேசியில் மணி சரிதானா என்று இரண்டு தடவை பார்த்தவர்களும் இதில் சேர்த்தி. கோலாலம்பூர்வாசிகளுக்கான எண்களையும் ஆங்காங்கே தருகிறேன்.

என்ன நடக்கிறது அன்று

பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால் சூரியன் ஆறு மாதம் வடக்கே ஒதுங்கியும் ஆறு மாதம் தெற்கே ஒதுங்கியும் போவதுபோல் தெரிகிறது. தெற்கிலிருந்து வடக்கே வரும்போது நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே கடக்கும் கணம்தான் மார்ச் மாதச் சம பகலிரவு. அது ஒரு கணம்தான், முழு நாளல்ல. மலேசிய நேரப்படி 2026இல் மார்ச் 20 இரவு 10.46, 2027இல் மார்ச் 21 விடியற்காலை 4.25, 2028இல் மார்ச் 20 காலை 10.17. ஒவ்வோர் ஆண்டும் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளிப்போய், லீப் ஆண்டு வந்ததும் பின்னுக்கு இழுக்கப்படுகிறது. குச்சி வைத்துப் பார்க்கிறவருக்கு இந்தக் கணம் பெரிய விஷயமில்லை. அதற்கு முன்னும் பின்னும் வரும் நண்பகல்களே போதும்.

பகலும் இரவும் அன்று சரிக்குச் சரி பன்னிரண்டு மணி நேரம் என்று பள்ளியில் படித்திருப்போம். பினாங்கில் அன்றைய பகல் 12 மணி 7 நிமிடத்தை ஒட்டி வரும். காரணம் இரண்டு. சூரியனின் மேல்விளிம்பு எட்டிப் பார்த்ததுமே உதயம் என்று கணக்கு வைக்கிறோம். அந்த விளிம்பு முழுதாய் மறைந்த பிறகுதான் அஸ்தமனம். தவிர, காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால், அடிவானத்துக்குக் கீழே இருக்கும் சூரியனையே நாம் மேலே இருப்பதாகப் பார்க்கிறோம். இந்த ஏழு நிமிடத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம். பினாங்கில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே உள்ள வித்தியாசமே நாற்பது நிமிடத்தைத் தொடாது. ஆகவே பகல் நீள்வதைக் கவனித்து இந்த நாளைப் பிடிக்க முடியாது. நிழலை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

கடிகாரத்தை மறந்துவிடுங்கள்

புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். நண்பகல் என்றால் 12 மணி என்று நினைத்துக் குச்சியோடு போய் நிற்பார்கள். பினாங்கில் மார்ச் 20 அன்று சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய பிற்பகல் 1.26க்கு. கோலாலம்பூரில் 1.21க்கு.

ஏன் இவ்வளவு தாமதம்? நம் கடிகாரம் 120 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. பினாங்கோ 100.3 டிகிரியில் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் வீதம் கிட்டத்தட்ட 79 நிமிடம் ஆகிறது. மார்ச் மூன்றாம் வாரத்தில் சூரியன் சராசரிக் கணக்கைவிட ஏழரை நிமிடம் பிந்தி வருவதையும் சேர்த்தால் 1.26. 1981 டிசம்பர் 31 வரை தீபகற்பத்தில் கடிகாரம் அரை மணி நேரம் பின்னால்தான் ஓடியது. சபா, சரவாக்கோடு நேரத்தை ஒன்றாக்குவதற்காக 1982 ஜனவரி 1 முதல் அரை மணி முன்னே தள்ளினார்கள். “எங்க காலத்துல இந்நேரம் விடிஞ்சிருக்கும்” என்று பெரியவர்கள் சொன்னால் சும்மா சொல்கிறார்கள் என்று நினைக்காதீர்கள்; அது மெய்தான்.

அன்று பினாங்கில் உதயம் காலை 7.22 அளவில், அஸ்தமனம் மாலை 7.29 அளவில். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் அதே 1.26 கிடைக்கும். எந்த ஊரில் எந்த நாளில் இருந்தாலும் உங்கள் நண்பகலைக் கண்டுபிடிக்க இதுவே சுலபமான வழி.

குச்சியும் மேசையும்

*பொருள்கள்.* 50 சென்டிமீட்டர் உயரத்துக்கு நேரான மரக்குச்சி ஒன்று. அதை ஒரு சிறு பலகையில் திருகாணி போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். ஹார்டுவேர் கடையில் கேட்டால் வெட்டியே தருவார்கள். கோயில் அன்னதானத்துக்குப் போடுவார்களே, அந்த மாதிரி ஒரு மடக்கு மேசை. பள்ளிகளில் பயன்படுத்தும் பெரிய மாஜோங் தாள் ஒன்று. ஒட்டுவதற்கு டேப், பென்சில், அளவுகோல், பிள்ளைகளின் ஜியோமெட்ரி பெட்டியிலிருந்து மூலைமட்டம். உயரம் 50 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். குச்சி நீளநீள நிழலின் முனை மங்கிக்கொண்டே போகும். சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் அரை டிகிரி அகல வட்டமாக இருப்பதால் வருகிற மங்கல் அது. முனையைத் தெளிவாகப் பார்க்க ஒரு நல்ல உபாயம் உண்டு: தடித்த அட்டையில் பென்சில் நுழையும் அளவுக்குத் துளை போட்டு, துளை குச்சியின் உச்சிக்குப் பக்கத்தில் வரும்படி அட்டையைப் படுக்கையாக ஒட்டிவிடுங்கள். தாளில் ஒரு சிறிய வெளிச்ச வட்டம் விழும். அதன் நடுவில் புள்ளி வைப்பது, மங்கிய நிழல் முனையைத் தேடுவதைவிடச் சுலபம். அப்படிச் செய்தால், 50 சென்டிமீட்டரை மேசையிலிருந்து துளை வரைக்கும் அளக்க வேண்டும். அடிப்புள்ளியையும் துளைக்கு நேர் கீழே வைக்க வேண்டும்.

*இடம்.* அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு மொட்டைமாடிக் கதவு பெரும்பாலும் பூட்டியே இருக்கும். கார் நிறுத்துமிடத்தின் மேல்தளமோ பூப்பந்துத் திடலோ கிடைத்தால் நல்லது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கார் நிறுத்துமிடத் தளம் மட்டமாக இருக்காது. மழைநீர் வடிவதற்காக வேண்டுமென்றே சரித்துக் கட்டியிருப்பார்கள். ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும். அந்தப் பக்கத்து மேசைக்காலுக்கு அடியில் நாளிதழை மடித்துக் கொடுத்து, கைபேசியில் இருக்கும் ரசமட்டச் செயலியால் மேசையைச் சமப்படுத்துங்கள். கோணம் ஒரு டிகிரி பிசகினால் நண்பகல் நிழல் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் பிசகும். அன்றைக்கு அளக்கப்போகும் மொத்த நிழலே ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு.

*வேலை.* தாளை மேசையில் ஒட்டி, குச்சியை நடுவில் வைத்து, அடியைச் சுற்றிப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். இடையில் யாராவது தட்டிவிட்டாலும் அதே இடத்தில் வைக்கலாம். மூலைமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துக் குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு காலை 11.26க்குத் தொடங்கி, பிற்பகல் 3.26 வரை, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் மணியை எழுதுங்கள். எழுதாவிட்டால் சாயங்காலம் எது எது என்று தெரியாது. இடையில் குழந்தைகளை மேசைப் பக்கம் விட வேண்டாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

முதல் புள்ளி குச்சிக்கு மேற்கே 29 சென்டிமீட்டர் தள்ளி விழும். 12.26க்கு 13.5 சென்டிமீட்டருக்கு வந்துவிடும். 1.26க்குக் குச்சிக்கு நேர் வடக்கே, 4.7 சென்டிமீட்டரில் நிற்கும். 2.26க்குக் கிழக்கே 13.5, 3.26க்கு 29. கோலாலம்பூரில் நண்பகல் நிழல் இதைவிடக் குட்டை, 2.7 சென்டிமீட்டர்.

இப்போது அளவுகோலை வைத்துப் புள்ளிகளை இணைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே நேர்கோட்டில் வரும். மற்ற நாள்களில் நிழல் முனை போகும் பாதை வளைந்திருக்கும். சம பகலிரவு நாளில் மட்டும் அது நேர்கோடாகிவிடுகிறது. அந்தக் கோடு மிகச் சரியாக மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. மலேசியாவில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒரு டிகிரிகூட விலகுவதில்லை என்றாலும், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி கைபேசித் திசைகாட்டியை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிவிடும். இந்தக் கோடு யார் பேச்சுக்கும் திரும்பாது. உங்கள் வீட்டு வாசல் உண்மையிலேயே கிழக்கு பார்த்ததுதானா என்று வாஸ்து பேசும் மாமாவோடு தீர்த்துக்கொள்ள இதைவிட நல்ல நாள் கிடையாது.

மேகம் மூடிவிட்டால் கவலைப்படாதீர்கள். இரண்டு நாள் முன்னே பின்னே செய்தாலும் கோட்டின் வளைவு கண்ணுக்குத் தெரியாது. கோடு மட்டும் நாளொன்றுக்கு மூன்றரை மில்லிமீட்டர் வீதம் குச்சியை நோக்கி நகரும். அதை நகரவிட்டுப் பார்ப்பதில்தான் அடுத்த விசேஷம் இருக்கிறது.

சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். எந்தக் கருப்புக் கண்ணாடி போட்டாலும் வேண்டாம். இந்த வேலையில் பார்க்க வேண்டியது தாளை மட்டுமே. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். வடமாநிலங்கள் மிகவும் காய்கிற பருவம் இது. நாட்டிலேயே பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை, 40.1 டிகிரி, 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ் சுப்பிங்கில் பதிவானது.

ஏப்ரல் 3: நிழலே இல்லாத நண்பகல்

என்னைக் கேட்டால் மார்ச் 20ஐவிட இது பார்க்க அழகான நாள். சூரியன் வடக்கே நகர்ந்துகொண்டே வந்து, ஏறக்குறைய ஏப்ரல் 3ஆம் தேதி பினாங்குக்கு நேர் மேலே வருகிறது. அன்று 1.22 அளவில் குச்சியின் நிழல் குச்சிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். கோலாலம்பூரில் இது மார்ச் 28 வாக்கில். இந்தோனேசியாவின் போந்தியானாக் நகரம் நிலநடுக்கோட்டிலேயே இருப்பதால் அங்கே சம பகலிரவு நாளும் நிழலில்லா நாளும் ஒன்றாகவே வரும். அதற்கென்று அங்கே ஒரு நினைவுச்சின்னமே எழுப்பியிருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது எளிது. மார்ச் 20இல் தொடங்கி, முடிந்த நாளிலெல்லாம் நண்பகல் புள்ளியை மட்டும் அதே தாளில் வைத்து, தேதி எழுதிக்கொண்டு வாருங்கள். தினமும் போக வேண்டியதில்லை. ஏப்ரல் 3க்குப் பிறகு நிழல் குச்சிக்குத் தெற்கே விழ ஆரம்பிக்கும். செப்டம்பர் 9 வாக்கில் மறுபடி தலைக்கு மேலே வரும்வரை அது தெற்கிலேயே இருக்கும். வீடு வாடகைக்குப் பார்க்கிறவர்களுக்கு இது பணம் சம்பந்தப்பட்ட விஷயம். வடக்குச் சன்னல் என்றால் வெயிலே வராது என்று தரகர் சொன்னால், ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை வரும் என்று அவரிடம் சொல்லுங்கள்.

இங்கே ஒரு சங்கப் பாட்டைச் சொல்லாமல் போக முடியவில்லை. நெடுநல்வாடையில் நக்கீரர் பாண்டியனின் அரண்மனை கட்டியதைச் சொல்லும்போது “இருகோல் குறிநிலை” என்கிறார். இரண்டு கோல்களை நட்டு, சூரியன் எந்தப் பக்கமும் சாராத “அரைநாள் அமயத்து”, நூலறிந்தவர்கள் கயிறு பிடித்துத் திசை குறித்தார்களாம். நீங்கள் மடக்கு மேசையில் செய்கிற அதே வேலை! நம் காலத்தில் மதுரைக்கு நேர் மேலே சூரியன் வருவது ஏப்ரல் 15, 16 வாக்கில், அதாவது சித்திரை பிறந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ.

அப்படியானால் சித்திரைப் புத்தாண்டு ஏன் ஏப்ரல் 14இல்?

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. மார்ச் 20 அன்று பஞ்சாங்கத்தைத் திறந்தால் பங்குனி 6 வாக்கில் இருக்கும். சூரியன் மீன ராசியில், உத்திரட்டாதி நட்சத்திரத்தில் இருப்பார். பருவக் கணக்கில் இளவேனில்கூட இன்னும் தொடங்கியிருக்காது. பின்பனியின் கடைசி மாதம் அது.

நம் ஆண்டு நட்சத்திரங்களை வைத்து அளக்கப்படுகிறது. சூரியன் ஒரு நட்சத்திரப் பின்னணியிலிருந்து புறப்பட்டு அதே இடத்துக்குத் திரும்ப ஆகும் காலம், ஒரு சம பகலிரவிலிருந்து அடுத்த சம பகலிரவு வரைக்கும் ஆகும் காலத்தைவிட ஏறக்குறைய 20 நிமிடம் அதிகம். பூமியின் அச்சு, வேகம் குறையும் பம்பரம்போல மெல்லத் தலையாட்டிக்கொண்டே சுற்றுவதுதான் காரணம். ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 26,000 ஆண்டுகள். 20 நிமிடம் அற்பம்தான், ஆனால் ஏறக்குறைய 71 ஆண்டில் ஒரு நாளாகச் சேர்ந்துவிடும். இன்று சம பகலிரவுக்கும் சித்திரை ஒன்றுக்கும் நடுவில் 24 நாள் இடைவெளி. பெருக்கிப் பாருங்கள்: 1,700 ஆண்டுகளுக்கு முன்னால் இரண்டும் ஒரே நாளில் இருந்திருக்கும். சூரியன் மேஷத்தில் நுழைவதும் பகலும் இரவும் சமமாவதும் அன்று ஒரே நிகழ்ச்சி. விஷு என்றால் பகலும் இரவும் சமமாகும் நாள்; சித்திரை விஷு, ஐப்பசி விஷு என்று நாம் இன்னும் சொல்வது அந்தப் பழைய பொருத்தத்தின் மிச்சம். சோதிடர்கள் அயனாம்சம் என்று கழிக்கிற 24 டிகிரிச் சொச்சமும் இதே இடைவெளிதான்.

இந்திய அரசு 1957 மார்ச் 22இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த தேசிய நாட்காட்டி சம பகலிரவையே பிடித்துக்கொண்டது. அதில் ஆண்டுப் பிறப்பு மார்ச் 22, லீப் ஆண்டில் மார்ச் 21. மக்கள் அதைச் சட்டை செய்யவில்லை என்பது வேறு கதை. புத்தாண்டை எங்கே வைப்பது என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. எதை அளக்கிறோம் என்று தெரிந்துகொண்டால் இரண்டு நாள்களையும் மதிக்கலாம்.

பங்குனி உத்திரமும் இந்தக் கணக்கில் ஒட்டிக்கொண்டே வருகிறது. சூரியன் உத்திரட்டாதியில் இருக்கும்போது வானத்தில் அதற்கு நேர் எதிரே இருப்பது உத்திரம். முழுநிலவு எப்போதும் சூரியனுக்கு எதிரேதான் நிற்கும். ஆகவே சம பகலிரவை ஒட்டி வரும் பௌர்ணமியில் நிலா உத்திரத்தை ஒட்டி இருப்பதில் ஆச்சரியமில்லை. பங்குனி உத்திரத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள், அன்று மாலை சூரியன் மேற்கே இறங்கும்போதே கிழக்கே நிலா ஏறி வருவதைக் கவனித்துப் பாருங்கள்.

பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு குறிப்பு. வெள்ளிக்கிழமை ராகு காலம் 10.30 முதல் 12.00 வரை என்ற வாய்ப்பாடு, காலை 6 மணிக்கு உதயம், பகல் பன்னிரண்டு மணி நேரம் என்ற அனுமானத்தில் எழுதப்பட்டது. பகலை எட்டாகப் பிரித்தால் நான்காவது பங்கு அது, நண்பகலோடு முடியும். பினாங்கில் மார்ச் 20 அன்று அதே நான்காவது பங்கு ஏறக்குறைய 11.55க்குத் தொடங்கி 1.26க்கு முடிகிறது. 2026இல் அந்த நாள் வெள்ளிக்கிழமையாகவே வருகிறது. ராகு காலம் பார்ப்பதும் பார்க்காததும் உங்கள் விருப்பம். பார்ப்பதென்றால் சென்னை மணியை வைத்துக்கொண்டு பினாங்கில் பார்க்காதீர்கள்.

உதயமும் அஸ்தமனமும்

மார்ச், செப்டம்பர் சம பகலிரவு நாள்களில் மட்டும்தான் சூரியன் நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறைகிறது. ஜூனில் 23 டிகிரிக்கும் மேல் வடக்கே தள்ளிப்போகும். டிசம்பரில் அதே அளவு தெற்கே. காலையில் வெல்ட் கீ கரையோரத்தில், சியூ ஜெட்டி பக்கம் போய் நின்றால் எதிர்க்கரையில் பட்டர்வொர்த் பக்கமாகச் சூரியன் ஏறுவதைப் பார்க்கலாம். மரப்பாலத்தில் குடும்பங்கள் குடியிருக்கின்றன. காலை ஏழு மணிக்குச் சத்தம் போடாமல் நடங்கள். மாலைக்குத் தீவின் மறுபக்கம் போக வேண்டும். பாலிக் புலாவ் தாண்டி, புலாவ் பெத்தோங் போன்ற மேற்குக் கடற்கரை மீனவர் கிராமங்களில் கடலுக்குள்ளேயே இறங்கும்.

உதயப் படத்தை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். எந்த இடத்தில் நின்றீர்கள், எதிர்க்கரையில் எந்தப் பாரந்தூக்கிக்கு மேலே சூரியன் வந்தது என்று குறித்து வையுங்கள். ஜூனிலும் செப்டம்பரிலும் டிசம்பரிலும் அதே இடத்தில் நின்று எடுத்தால் நான்கு படங்களும் ஒரு பாடம் நடத்திவிடும். மார்ச்சில் இந்த நகர்வு மிக வேகம்: நாளொன்றுக்குச் சூரிய வட்டத்தின் அகலத்தில் முக்கால் பங்கு.

அண்டை வீட்டார் நாட்காட்டிகள்

பினாங்கில் இருக்கிற வசதி, பக்கத்து வீட்டிலேயே வேறொரு நாட்காட்டி இருப்பது. சீனர்கள் ஆண்டைச் சூரியனின் ஓட்டப்படி 24 பருவங்களாகப் பிரித்திருக்கிறார்கள். சம பகலிரவு அவற்றில் ஒன்று. அங்கிருந்து சூரியன் 15 டிகிரி நகர்ந்ததும் செங் பெங், மூதாதையர் கல்லறைக்குப் போகும் நாள், ஏப்ரல் 4 அல்லது 5. அதை ஒட்டிய வார இறுதிகளில் மவுண்ட் எர்ஸ்கின் பக்கம் கார் எடுக்காமல் இருப்பது நல்லது. பினாங்கின் நிழலில்லா நாள் செங் பெங்குக்கு ஓரிரு நாள் முன்னால்தான் வருகிறது. சீன நண்பர்களிடம் சொல்லிப் பாருங்கள், பலருக்கும் இது புதிய செய்தியாக இருக்கும்.

கிறிஸ்தவர்களின் ஈஸ்டர், மார்ச் 21ஐச் சம பகலிரவாக வைத்துக்கொண்டு, அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவை அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பழைய நாட்காட்டியில் அந்தத் தேதி நழுவிக்கொண்டே போனதால்தான் 1582இல் அக்டோபர் 4க்கு மறுநாளை அக்டோபர் 15 ஆக்கினார்கள். ஈரானியர்களின் நவ்ரூஸ் சம பகலிரவுக் கணத்தையே புத்தாண்டாகக் கொள்கிறது. புலாவ் திக்குஸ் தாய்லாந்துக் கோயிலில் தண்ணீர் தெளித்துக் கொண்டாடும் சொங்க்ரான், நம் சித்திரைக்கு உடன்பிறப்பு. அதுவும் ஏப்ரல் நடுவில்தான்.

முஸ்லிம் நண்பர்கள் இதே குச்சியை வேறொரு நாளில் பயன்படுத்துகிறார்கள். மே 28 மாலை 5.16 அளவிலும், ஜூலை 16 மாலை 5.28 அளவிலும் சூரியன் மக்காவில் கஅபாவுக்கு நேர் மேலே இருக்கும். அந்த நிமிடத்தில் செங்குத்தான எந்தப் பொருளின் நிழலும் கிப்லாவின், அதாவது தொழுகைக்கு முகம் நோக்கும் பக்கத்தின், திசைக்கோட்டைக் காட்டிவிடும்; நிழலுக்கு எதிர்ப்பக்கம், சூரியன் இருக்கும் பக்கம்தான் கிப்லா. பந்தாய் ஆச்சேயில் இருக்கும் ஷேக் தாஹிர் வானியல் மையத்தின் பெயர், இந்தத் துறையில் பேர்பெற்ற அறிஞர் ஷேக் தாஹிர் ஜலாலுதீனுடையது.

முட்டையும் உலக்கையும்

சம பகலிரவு நாளில் மட்டும் முட்டை செங்குத்தாக நிற்கும் என்று ஒவ்வோர் ஆண்டும் வாட்ஸ்அப்பில் காணொளி வரும். நிற்கும். மறுநாளும் நிற்கும், தீபாவளிக்கும் நிற்கும். ஓட்டில் இருக்கும் நுண்ணிய மேடுகளும் உங்கள் பொறுமையும்தான் காரணம். கிரகணத்தன்று தாம்பாளத் தண்ணீரில் உலக்கையை நிறுத்திக் காட்டுவார்களே, அதற்கும் இதே பதில்தான்: அடி தட்டையாக இருந்தால் உலக்கை என்றைக்கும் நிற்கும். பிள்ளைகளோடு செய்வதாக இருந்தால் மார்ச் 20 அன்றும், வேறு ஏதோ ஒரு நாளிலும் செய்துபாருங்கள்.

வீட்டுச் செயற்கைக்கோள் தட்டில் படம் சில நிமிடம் கலைந்துபோவது மட்டும் உண்மையிலேயே இந்தப் பருவத்தோடு தொடர்புடையது. அந்தச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கின்றன. சம பகலிரவை ஒட்டிய சில நாள்களில் சூரியன் அவற்றுக்குப் பின்னால் வந்து நின்று, தன் இரைச்சலால் சமிக்ஞையை மூழ்கடித்துவிடுகிறது. கூரையேறித் தட்டைத் திருப்ப வேண்டாம். தானாகச் சரியாகிவிடும்.

இரவில் பார்க்க

பகலெல்லாம் மேகமாக இருந்தாலும் இரவில் ஒரு வழி உண்டு. எட்டரை மணிக்கு வெளியே வந்து மேற்குப் பக்கம் அண்ணாந்து பாருங்கள். வரிசையாக மூன்று நட்சத்திரங்கள்: ஓரியன் வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டை. பக்கத்தில் சிவப்பாக மினுங்குவது திருவாதிரை. அந்த மூன்றில் வடக்கு ஓரத்தில் இருப்பது, நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் ஓடுவதாகக் கொள்ளும் வான நடுக்கோட்டின் மேலேயே கிடக்கிறது. சம பகலிரவுச் சூரியன் பகலில் போன பாதையில்தான் அது இரவில் போகிறது. நள்ளிரவு தாண்டி ஒரு மணி அளவில் நேர் மேற்கில் மறையும். இதைப் பார்க்க மார்ச் 20க்குக் காத்திருக்க வேண்டியதுகூட இல்லை. ஒன்பது மணி வாக்கில் கிழக்கே தாழ்வாக ஏறி வரும் வெண்ணிற நட்சத்திரம் சித்திரை. நம் முதல் மாதத்துக்குப் பெயர் கொடுத்தது அதுதான்.

செப்டம்பரில்

தவறவிட்டவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பு செப்டம்பரில். இம்முறை வரிசை தலைகீழ்: பினாங்கில் முதலில் செப்டம்பர் 9 வாக்கில் நிழலில்லா நாள், பிறகு 23 வாக்கில் சம பகலிரவு. சூரியனின் பிந்தல் அப்போது முந்தலாக மாறியிருக்கும். அதனால் 23ஆம் தேதி நண்பகல் 1.26க்குப் பதிலாக ஏறக்குறைய 1.11க்கு வரும். ஆகவே 11.11க்கே புள்ளி வைக்கத் தொடங்கிவிடுங்கள். பழைய தாளைச் சுருட்டி வைத்திருந்தால் அதையே மேசையில் விரித்து, குச்சியைப் பழைய அடையாளத்தில் நிறுத்தி, வேறு நிறப் பென்சிலால் குறியுங்கள். கோடு மார்ச் கோட்டின் மேலேயே விழ வேண்டும். பினாங்கில் அது மழை கூடும் மாதம். நான்கு மணி நேரம் தொடர்ந்து வெயில் கிடைக்கும் என்று நம்பி ஒரே நாளை மட்டும் ஒதுக்காமல், 21 முதல் 25 வரை மேசையை எடுத்துவைக்கத் தயாராக இருங்கள்.